மே மாதத்தில் இலங்கைக்குத் திமிங்கலம் பார்க்கப் போகிறவர்கள் மிரிஸ்ஸவை விட்டுத் திருகோணமலைக்குப் போக வேண்டியது ஏன்?

கேட்கப்பட்ட கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து ஐந்து பேர், அவர்களில் ஒருவர் 68 வயதுத் தாயார், ஒருத்தி 8 வயது மகள், மே மாதக் கோடை விடுமுறையில் ஐந்து இரவுகள் இலங்கையில் தங்கி நீலத் திமிங்கலத்தைப் பார்க்க விரும்புகிறீர்கள். தென்கரையில் உள்ள மிரிஸ்ஸ என்ற ஊரில் அறை பிடித்துத் தருவதாகவும், ஒரு நாள் காலைப் படகுப் பயணமே போதும் என்றும் பயண முகவர் சொல்லியிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகன் ட்ரோன் எடுத்துவர ஆசைப்படுகிறார். திமிங்கலத்தோடு சேர்ந்து நீந்தலாமா என்றும் கேட்கிறார். இந்தத் திட்டம் சரியா என்பதே உங்கள் கேள்வி.

மாதத்தை மாற்ற முடியாதென்றால் ஊரை மாற்றுங்கள். மே மாதத்துக்குரிய இடம் கிழக்குக் கரையில் உள்ள திருகோணமலைதான். அங்கே ஒரு காலைக்குப் பதிலாக மூன்று காலைகளைக் கடலுக்கென்று ஒதுக்குங்கள். தாயாரைச் சிறிய படகில் ஏற்றாதீர்கள். அவருக்கு வேறு வழி இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். மிரிஸ்ஸ அறைக்கு முன்பணம் கட்டியிருந்தால், அதை இழக்க நேர்ந்தாலும் பரவாயில்லை என்பதே என் கருத்து.

காரணம் பருவக்காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்தில் வலுப்பெறத் தொடங்கும்போது இலங்கையின் மேற்குக் கரையும் தென்கரையும் அதை நேராக எதிர்கொள்கின்றன. கடல் கொந்தளிக்கும், மழை பிடித்துக்கொள்ளும், மிரிஸ்ஸ துறைமுகத்திலிருந்து புறப்படும் சுற்றுலாப் படகுகள் பெரும்பாலும் பருவத்தை முடித்துக்கொள்ளும். அங்கே நல்ல காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான். அதே காற்று தீவின் நடுவிலுள்ள மலைகளைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது மழையை இழந்துவிட்டிருக்கும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கிழக்குக் கடலில், குறிப்பாக விடியற்காலையில், பெரிய அலை எழுவதில்லை. ஆகவே திருகோணமலையில் படகுப் பருவம் ஏறத்தாழ மார்ச்சில் தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பர் வரை நீளும். நவம்பருக்குப் பின் வடகிழக்குப் பருவக்காற்று வரும்போது நிலைமை அப்படியே தலைகீழாகிவிடும். நம் ஊரில் ஐப்பசி அடைமழையை அனுபவித்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

விளம்பரங்களில் 'திமிங்கலப் பருவம்' என்று எழுதுகிறார்கள் அல்லவா, அது பெரும்பாலும் படகின் பருவமே. பெரிய திமிங்கலங்களில் பல, துருவக் கடல்களில் இரை தேடி, வெப்பக் கடல்களில் குட்டி ஈனுவதற்காக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்துகின்றன. வட இந்தியப் பெருங்கடலின் நீலத் திமிங்கலங்கள் அப்படித் துருவம் வரை போவதில்லை. ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே தங்கி, இரை எங்கே கூடுகிறதோ அங்கே இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. அண்டார்க்டிக் நீலத் திமிங்கலத்தைவிட இவை உருவில் சற்றுச் சிறியவை. சற்றுச் சிறியவை என்றாலும் 20 மீட்டருக்கு மேல் நீளம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். மதுரையில் ஓடும் நகரப் பேருந்துகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால்தான் ஏறத்தாழ அந்த நீளம் வரும். இவற்றின் வழக்கத்துக்கு மாறான வாழ்க்கையைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் இலங்கையைச் சேர்ந்த கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ். மற்ற கடல்களில் நீலத் திமிங்கலத்தின் முதன்மை உணவு கிரில் என்னும் கூனியின இரை. இலங்கைக் கடலில் அவை பெரும்பாலும் வேறொரு சிறிய இறால் இனத்தை உண்கின்றன என்பது அவற்றின் கழிவை ஆராய்ந்ததில் தெரியவந்தது. கடல் மேல் செங்கல் நிறத்தில் அந்தக் கழிவு பரவி மிதப்பதைக் கண்டால் முகம் சுளிக்காமல் மகிழ்ச்சி அடையுங்கள். திமிங்கலம் அங்கே வயிறார உண்டுகொண்டிருக்கிறது என்றும், உடனே அந்த இடத்தைவிட்டு வெகுதூரம் போய்விடாது என்றும் பொருள்.

இந்தத் திமிங்கலங்கள் கரைக்கு இவ்வளவு அருகில் கிடைப்பதற்குக் கடலடி அமைப்பு காரணம். இலங்கையின் தென்முனையான தெவுந்தரத்துக்கு அப்பால் கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடித்தளம், மிகக் குறுகலானது. கரையிலிருந்து சில கிலோமீட்டரிலேயே கடலடி ஆயிரம் மீட்டருக்குக் கீழ் சரிந்துவிடுகிறது. திருகோணமலையில் இது இன்னும் வியப்பானது: கடலடியில் மிகப் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று துறைமுக வாயில் வரைக்கும் நீண்டு வருகிறது. அதற்கு அருகே கொட்டியாரக் குடாவில் மகாவலி ஆறு கலக்கிறது. ஆழமும் ஊட்டமும் ஒரே இடத்தில் சேர்வதால் இறால் கூடுகிறது, இறாலைத் தேடித் திமிங்கலம் வருகிறது. இராமேசுவரத்திலிருந்தே ஏன் பார்க்க முடியாது என்று பலர் கேட்பதுண்டு. பாக் நீரிணையின் பெரும்பகுதி பத்துப் பதினைந்து மீட்டர் ஆழம்கூட இல்லாதது. பெரிய திமிங்கலத்துக்கு அங்கே வேலை இல்லை. மன்னார் வளைகுடாவின் ஆழமான பகுதிகளில் அவை உண்டென்றாலும் தமிழகக் கரையில் அதற்கென்று ஒழுங்கான படகுச் சேவை எதுவும் உருவாகவில்லை. 2016 ஜனவரியில் திருச்செந்தூர் அருகே மணப்பாடு கரையோரம் ஏராளமான பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அது துயரமான விபத்து. அந்தக் கரையில் திமிங்கலம் பார்க்கலாம் என்பதற்கான அடையாளமாக அதைக் கொள்ள வேண்டாம்.

திருகோணமலையின் புகழ் புதியதும் அல்ல. 1980களின் தொடக்கத்தில் 'துலிப்' என்ற சிறிய ஆய்வுப் பாய்மரக் கப்பல் இந்தியப் பெருங்கடலில் ஸ்பெர்ம் திமிங்கலங்களைத் தேடி வந்தபோது, திருகோணமலைக்கு வெளியே நீலத் திமிங்கலங்கள் நடமாடுவதை அதில் இருந்த ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதற்குச் சற்று முன், 1979இல், சர்வதேசத் திமிங்கல ஆணையம் இந்தியப் பெருங்கடலைத் திமிங்கலங்களின் சரணாலயமாக அறிவித்திருந்தது. 1960களில் சோவியத் கப்பல்கள் இந்தக் கடலில் சட்டவிரோதமாகத் திமிங்கல வேட்டை ஆடியது வெளியே தெரியவந்தது அதற்கும் வெகுகாலம் கழித்து. திருகோணமலையில் அவ்வளவு நம்பிக்கை தரும் தொடக்கம் இருந்தும், போர்க்காலம் அந்தக் கரையை மூடிவைத்துவிட்டது. போர் முடிந்த 2009க்குப் பின் திமிங்கலச் சுற்றுலா வேகமாக வளர்ந்தது தெற்கே, மிரிஸ்ஸவில். பயண முகவர்கள் எந்த மாதமானாலும் மிரிஸ்ஸ என்றே சொல்வதற்கு இந்தப் பழக்கம்தான் காரணமென்று நினைக்கிறேன்.

மிரிஸ்ஸவை நான் குறைத்துச் சொல்லவில்லை. உங்கள் பயணம் அரையாண்டு விடுமுறைக்கோ பிப்ரவரி, மார்ச்சுக்கோ தள்ளிப்போகுமானால் முதல் தேர்வாக அதையே சொல்வேன். அங்கே இரண்டடுக்குப் பெரிய படகுகள் இருக்கின்றன. நிழல், கழிப்பறை, காலை உணவு எல்லாம் உள்ளே கிடைக்கும். வயதானவர்கள் சிரமமின்றி உட்கார்ந்து வரலாம். காலை ஆறு, ஆறரைக்குப் புறப்பட்டால் நண்பகலை ஒட்டித் திரும்பிவிடலாம். ஆனால் இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று நெரிசல்: கிறிஸ்துமஸ் காலத்தில் ஒரே திமிங்கலத்தைச் சுற்றிப் பல படகுகள் முண்டியடிக்கும், ஒரு மூச்சு விட்டுவிட்டு அது ஆழத்துக்குப் போய்விட்டால் எல்லாப் படகுகளும் அடுத்ததைத் துரத்தும். இன்னொன்று கப்பல்: ஐரோப்பாவையும் கிழக்காசியாவையும் இணைக்கும் உலகின் மிக நெரிசலான கடல்வழிகளுள் ஒன்று தெவுந்தரத்துக்குத் தெற்கே, திமிங்கலம் மேயும் இடத்தை ஊடுருவிச் செல்கிறது. கப்பல் மோதி நீலத் திமிங்கலங்கள் இறப்பது அங்கே நீண்டகாலப் பிரச்சினை. அந்த வழியை ஏறத்தாழ 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் ஆபத்து பெருமளவு குறையும் என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள், எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் 2022இல் தானாகவே தன் கப்பல்களை விலக்கி ஓட்டத் தொடங்கியது. உங்கள் படகுக்குப் பின்னால் கண்டெய்னர் கப்பல் ஒன்று மலைபோல் நகர்ந்து செல்ல, அதற்கு முன்னால் திமிங்கலம் மூச்சு விடும் காட்சி அங்கே அபூர்வமல்ல.

மேற்குக் கரையில் கற்பிட்டியும் உண்டு. அங்கே முக்கியமாகக் காணக் கிடைப்பவை நூற்றுக்கணக்கில் கூட்டமாகத் துள்ளும் ஸ்பின்னர் டால்பின்கள். பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் ஸ்பெர்ம் திமிங்கலக் கூட்டங்களும் கிடைக்கலாம். மே மாதத்துக்கு அதுவும் உதவாது.

இனி உங்கள் பயணத்துக்கு வருவோம். திருகோணமலை நகருக்கு வடக்கே உப்புவெளி, நிலாவெளி என்ற இரு கடற்கரைகள் இருக்கின்றன. தங்குமிடங்களும் படகுகளும் அங்கேதான். பெரும்பாலானவை மீனவர்களின் ஃபைபர் வள்ளங்கள். அவுட்போர்டு எஞ்சின் பூட்டி, குறுக்குப் பலகையில் நாலைந்து பேரை உட்கார வைத்து அழைத்துச் செல்வார்கள். சிலவற்றில் துணிக் கூரை இருக்கும், பலவற்றில் அதுவும் இராது. கழிப்பறை கிடையாது. மணலிலிருந்தே ஏற வேண்டும் என்பதால் முழங்கால் வரை நனையும். கடல் சற்றே குலுங்கினாலும் வள்ளத்தின் முன்பகுதி தூக்கித் தூக்கி அடிக்கும். மூட்டுவலி, முதுகுவலி, எலும்புத் தேய்மானம் உள்ள எவருக்கும், கருவுற்றிருப்பவர்களுக்கும் அது ஆகாது. தாயாரை அழைத்துப் போக வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொன்னது இதனால்தான். இலங்கைக் கடற்படை பெரிய பயணிகள் கப்பலில் திமிங்கலம் காட்டும் சேவையை நடத்தி வந்திருக்கிறது; நீங்கள் போகும் வாரத்தில் திருகோணமலையிலிருந்து அது புறப்படுகிறதா என்று கட்டாயம் விசாரித்துப் பாருங்கள், புறப்பட்டால் ஐந்து பேரும் ஒன்றாகவே போகலாம்.

இல்லையென்றால் தாயாருக்குத் திருக்கோணேச்சரம் இருக்கிறது. சம்பந்தர் தேவாரம் பாடிய அந்தக் கோயில், பிரெட்ரிக் கோட்டைக்குள் நுழைந்து மேலேறினால், செங்குத்தாகக் கடலில் இறங்கும் சுவாமி மலைப் பாறையின் உச்சியில் நிற்கிறது. பாறைக்குக் கீழே ஆழ்கடல் உடனே தொடங்கிவிடுவதால், கரையில் நின்றே திமிங்கலத்தின் மூச்சைப் பார்க்கக்கூடிய உலகின் மிகச் சில இடங்களில் அதுவும் ஒன்று. காலைப் பூசை முடிந்ததும் கிழக்கே கடலைப் பார்க்கும் சுவரோரம் நிழலில் உட்கார்ந்து, நல்ல பைனாகுலரால் அடிவானத்துக்கு இப்பால் உள்ள நீர்ப்பரப்பை இடமிருந்து வலமாக மெதுவாகத் துழாவச் சொல்லுங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். கிடைக்காவிட்டாலும் சுவாமி தரிசனம் ஆயிற்று. கோட்டை வளாகத்தில் புள்ளிமான்கள் சாவகாசமாக மேய்வதையும் அவர் பார்த்து வரலாம்.

மகளை வள்ளத்தில் அழைத்துப் போகலாம். ஒரே நிபந்தனை: குழந்தை அளவு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு, அதன் புகைப்படத்தை அனுப்பச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கான அங்கியை இறுக்கிக் கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் படகு வேண்டாம். நீரில் விழுந்தால் பெரிய அங்கி தலைவழியே கழன்று மேலே போய்விடும்.

படகைத் தேர்ந்தெடுப்பதில் உங்களுக்கு ஒரு பெரிய வசதி, அங்கே தமிழிலேயே எல்லாவற்றையும் பேச முடியும் என்பது. தங்குமிடத்துக்காரர் கைகாட்டும் தரகரோடு பேச்சை முடித்துவிடாமல், முந்தைய மாலையே கரைக்குப் போய் வள்ளத்தை ஓட்டப் போகிறவரை நேரில் பாருங்கள். "நேற்று போனீர்களா, எவ்வளவு தூரத்தில் கிடைத்தது, என்ன இனம்?" என்று கேளுங்கள். தினமும் கடலுக்குப் போகிறவர் இதற்கு யோசிக்காமல் பதில் சொல்வார். "நூறு சதவீதம் காட்டுவேன்" என்பவரைவிட "நேற்று இல்லை, முந்தாநாள் இரண்டு" என்பவர் நம்பத்தக்கவர். உரிமம் உள்ளதா, மாற்று எஞ்சின் இருக்கிறதா, கரையோடு பேசத் தொலைபேசியோ வானொலியோ உண்டா என்பதையும் கேளுங்கள். திமிங்கலம் தென்படாவிட்டால் மறுநாள் இலவசம் என்றோ பாதிப் பணம் திரும்பும் என்றோ சிலர் சொல்வார்கள்; அப்போது, டால்பின் மட்டும் தென்பட்டால் அது 'தென்பட்டதாக' ஆகுமா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தகராறு வருவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

அதைவிட முக்கியமான கேள்வி, திமிங்கலத்தைக் கண்டபின் வள்ளத்தை எப்படி ஓட்டுவார் என்பது. இலங்கையில் 2012இல் வந்த ஒழுங்குவிதிகளின்படி திமிங்கலத்துக்கு நூறு மீட்டர் இடைவெளி விட வேண்டும். விதியை ஒரு புறம் வைத்தாலும், நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் துரத்தக் கூடாது என்பது அனுபவமுள்ள ஒவ்வொரு படகோட்டிக்கும் தெரியும். அவர் பக்கவாட்டில் பின்புறமாக அணுகி, அதே திசையில், அதன் வேகத்தைத் தாண்டாமல் ஓட்டி, பிறகு எஞ்சினைத் தணித்துவிட்டுக் காத்திருப்பார். முகத்துக்கு நேரே குறுக்கே பாய்கிறவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு மூச்சும், அவசரமாக முங்கும் முதுகும்தான். "எங்களுக்கு நெருக்கத்தில் போக வேண்டாம், நேரம் இருந்தால் போதும்" என்று ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். பல படகோட்டிகள் துரத்துவதே, துரத்தாவிட்டால் வாடிக்கையாளர் குறைப்படுவார் என்ற பயத்தால்தான். அந்த ஒரு வாக்கியம் அவருக்கும் நிம்மதி தரும்.

கடலில் எதைத் தேட வேண்டும் என்று குடும்பத்தார் எல்லோருக்கும் முன்பே சொல்லிவையுங்கள். முதலில் தெரிவது உடல் அல்ல, மூச்சு. நீலத் திமிங்கலத்தின் மூச்சு நேர் நெடுக்காக, ஒன்பது மீட்டர் உயரம் வரை, வெண்ணிறத் தூணாக எழுந்து சில நொடிகளில் கலைந்துவிடும். அது காலை வெயிலில், அலைநுரை எழாத கடலில்தான் நன்றாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் காற்று ஏறி அலைகளின் உச்சி நுரைக்கத் தொடங்கிவிட்டால் எது மூச்சு, எது நுரை என்று பிரித்தறிய முடியாது. ஐந்தரைக்கெல்லாம் கரையில் நிற்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான். நெருங்கிய பின் ஒலி கேட்கும். காற்று நம் பக்கம் வீசினால் அழுகிய மீனின் வாடையும் வரும். அது நீருக்கு அடியில் மேலேறி வரும்போது கருநீலக் கடலுக்குள் நீண்ட வெளிர்பச்சை ஒளி ஒன்று முதலில் தோன்றும், பிறகே முதுகு மேலே வரும். மூச்சு விட்டு, சற்றே முங்கி, மீண்டும் மூச்சு விட்டு என்று சில முறை செய்தபின் முதுகை முன்னைவிட உயரமாக வளைக்கும். ஆழத்துக்குப் போகப் போகிறது என்பதற்கு அடையாளம் அந்த வளைவு. வாலை உயர்த்துமானால் அப்போதுதான் உயர்த்தும். கேமராவை அந்த நேரத்துக்குத் தயாராக வைத்திருங்கள். முங்கிய இடத்தில் எண்ணெய் ஊற்றியது போல வழுவழுப்பான நீர்வட்டங்கள் வரிசையாகக் கிடக்கும். அவை எந்தத் திசையில் நீள்கின்றன என்று பார்த்துத்தான் படகோட்டி அடுத்த இடத்தைக் கணிப்பார். பத்து, பதினைந்து நிமிடம் பொறுத்திருக்க வேண்டும்.

மூச்சு நேராக எழாமல் முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்து, புதர்போலக் குட்டையாக இருந்தால் அது ஸ்பெர்ம் திமிங்கலம். அது நீர்மேல் மரக்கட்டைபோல் பத்து நிமிடம் வரை அசையாமல் கிடந்து, பின் வாலை முழுதாக உயர்த்திக்கொண்டு இறங்கும். இறங்கிவிட்டால் முக்கால் மணி நேரம், சில வேளை அதற்கு மேலும் வராது. அளவில் நடுத்தரமாக, தலையின் மேல் மூன்று நீண்ட விளிம்புகளுடன், வாலை உயர்த்தாமலே மறைந்துபோவது பிரைட்ஸ் திமிங்கலம். ஸ்பின்னர் டால்பின் கூட்டம் வந்தால் யாருக்கும் அடையாளம் சொல்லித்தர வேண்டியதில்லை. மகளே முதலில் கூவுவாள்.

கடல் மயக்கத்தைப் பற்றி மிக அலட்சியமாக இருப்பவர்கள் "நான் பஸ்ஸில் வாந்தி எடுத்ததே இல்லை" என்பவர்கள்தான். வள்ளம் ஓடும்போது ஒன்றும் தெரியாது. எஞ்சினை நிறுத்திக் காத்திருக்கும்போது, பெட்ரோல் வாடையும் வெயிலும் சேர, மெதுவாகத் தொடங்கும். மாத்திரையைப் படகில் ஏறும் முன்பே போட்டிருக்க வேண்டும், குமட்டல் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை. எந்த மாத்திரை, மகளுக்கு எந்த அளவு என்பதைப் புறப்படும் முன் மதுரையிலேயே உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தத்துக்கோ வேறு நோய்க்கோ மருந்து சாப்பிடுபவர் யாராவது இருந்தால் அதைச் சொல்லியே கேட்க வேண்டும். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், பரோட்டாவைத் தின்றுவிட்டும் போகாதீர்கள்; இரண்டு இட்லியோ, பாணும் (அங்கே பிரெட்டுக்கு அதுதான் பெயர்) வாழைப்பழமுமோ போதும். வள்ளத்தின் பின்பகுதியில் ஆட்டம் குறைவு, ஆகவே அங்கே உட்காருங்கள். கைப்பேசியைக் குனிந்து பார்க்காமல் அடிவானத்தைப் பாருங்கள். இஞ்சி மரப்பா ஒரு பொட்டலம் சட்டைப்பையில் இருக்கட்டும்.

நாள் கணக்கை இப்படிப் போடுவேன். மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு. பறக்கும் நேரம் ஒரு மணி அளவுதான். விமான நிலையம் உள்ள கட்டுநாயக்காவில் இறங்கி குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலை போக ஆறு மணி நேரம் ஆகும். தாயார் இருப்பதால் அதை ஒரே மூச்சில் ஓட்டாமல் தம்புள்ளையில் மதிய உணவுக்கு நிறுத்தி, இருட்டும் முன் போய்ச் சேருங்கள். மறுநாள் விடியற்காலையே கடலுக்குப் போக வேண்டாம். உடம்புக்கும் ஓய்வு வேண்டும், படகோட்டியைப் பார்த்துப் பேசவும் ஒரு மாலை வேண்டும். அந்தப் பகலைக் கோணேச்சரத்துக்கும், நகருக்கு அருகே ஏழு கிணறுகளாக அமைந்த கன்னியா வெந்நீரூற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம், நான்காம் நாள் காலைகள் கடலுக்கு. இரண்டிலுமே கிடைக்காவிட்டாலோ, காற்றால் ஒரு காலை வீணானாலோ, ஐந்தாம் நாள் காலை கைவசம் இருக்கிறது. முதல் காலையிலேயே நன்றாகப் பார்த்துவிட்டால் மற்றொரு நாளை, நிலாவெளிக்கு எதிரே கடலில் உள்ள புறாத்தீவுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஐந்தாம் நாள் கடலுக்குப் போனாலும் மதியத்துக்குள் திரும்பி, மாலையோ இரவோ கொழும்புப் பக்கம் வந்து விமான நிலையத்துக்கு அருகே தங்கிவிடலாம். எல்லாப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாமல், முதல் காலைக்கு மட்டும் உறுதி செய்துகொண்டு மற்றதை அங்கே போய் முடிவு செய்யுங்கள். காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் காட்டும் விண்டி போன்ற செயலிகளை முந்தைய இரவு பாருங்கள். செயலி ஒன்று சொல்லி, அந்த ஊர் மீனவர் வேறு சொன்னால் மீனவரையே நம்புங்கள். கடலுக்குப் போகாதீர்கள் என்று அவர் சொன்னால் வாதாட வேண்டாம்.

மே மாதத்தில் பௌத்தர்களின் பெரிய பண்டிகையான வெசாக் வருகிறது. அந்தப் பௌர்ணமியை ஒட்டி இரண்டு நாள் அரசு விடுமுறை. பந்தல்களும் விளக்குகளும் அழகானவை, சாலை நெரிசல் அப்படியல்ல. வெசாக் அன்று கொழும்பிலிருந்து நெடுந்தூரம் பயணம் செய்யாதபடி தேதிகளை அமையுங்கள். ஏப்ரல் நடுவில், சித்திரைப் புத்தாண்டையொட்டி, ஓட்டுநரும் படகோட்டியும் கிடைப்பதே கடினம். உங்கள் தேதி முன்னால் நகர்ந்தால் அதையும் நினைவில் வையுங்கள். நுழைவு அனுமதிக்கான கட்டணமும் விதிகளும் அண்மை ஆண்டுகளில் பலமுறை மாறியிருப்பதால், இலங்கை அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தில் மட்டும் பார்த்து விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் கூடுதல் கட்டணம் பறிக்கும் தளங்கள் இருக்கின்றன. 2024 பிப்ரவரி முதல் இலங்கையில் யு.பி.ஐ. வழியாகப் பணம் செலுத்தும் வசதி வந்துவிட்டது என்றாலும், கடற்கரையில் படகோட்டிக்குக் கொடுக்க ரொக்கமாக இலங்கை ரூபாய் வைத்திருப்பதே நல்லது.

எடுத்துச் செல்ல வேண்டியவை அதிகமில்லை. முழுக்கைப் பருத்திச் சட்டை, கழுத்தில் கட்டிக்கொள்ளும் வாருள்ள தொப்பி, நீரின் பளபளப்பை அடக்கும் குளிர்கண்ணாடி, ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி, ஒரு துண்டு, மாற்றுடை, கைப்பேசிகளைப் போட நீர்புகாப் பை. வெயில் மேலிருந்து மட்டுமின்றி நீரில் பட்டும் முகத்தைச் சுடும் என்பதால் சன்ஸ்கிரீனைத் தாடைக்கு அடியிலும் பூசுங்கள். பைனாகுலர் ஏழு அல்லது எட்டு மடங்கு போதும். அதற்கு மேல் போனால் ஆடும் படகில் ஒன்றும் நிற்காது. கேமராவில் 200 அல்லது 300 மி.மீ. வரை போகும் ஜூம் லென்ஸ் இருந்தால், ஷட்டர் வேகத்தை ஆயிரத்தில் ஒரு நொடிக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

மகனின் இரண்டு விருப்பங்களுக்கும் வருகிறேன். ட்ரோனை வீட்டிலேயே விட்டு வரச் சொல்லுங்கள். இலங்கையில் அதைக் கொண்டுவரவும் பறக்கவிடவும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை முதலியவற்றின் அனுமதி வேண்டும்; திருகோணமலையோ கடற்படைத் தளமும் துறைமுகமும் உள்ள ஊர், அங்கே அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் ட்ரோன் பறிமுதலாவதோடு முடியாது. நீந்துவதற்கும் அதே பதில்தான். திமிங்கலத்தோடு நீருக்குள் இறங்குவதற்கு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் (நம் ஊர் வனவிலங்குத் துறை போன்றது) சிறப்பு அனுமதி வேண்டும். அது ஆய்வுக்கும் படப்பிடிப்புக்கும் தரப்படுவது, சுற்றுலாவுக்கு அல்ல. "யாரும் பார்க்க மாட்டார்கள், குதியுங்கள்" என்று சொல்லும் படகோட்டி, ஆயிரம் மீட்டர் ஆழக் கடலில், கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அதைச் சொல்கிறார். அவ்வளவு ஆசையாக இருந்தால், ஒரு காலையைப் புறாத்தீவில் செலவிட்டு முகமூடியும் சுவாசக் குழாயும் மாட்டிக்கொண்டு பவளப்பாறைக்கு மேல் நீந்தட்டும். அது தேசியப் பூங்கா, கரையிலேயே நுழைவுச்சீட்டு வாங்கிப் போகலாம், அதிர்ஷ்டமிருந்தால் ஆழமில்லாத நீரில் யாருக்கும் தீங்கு செய்யாத சிறிய கருமுனைச் சுறாக்களையும் பார்த்து வருவார்.